அறுபது வயதுக் கைநசுக்கி

கரடி எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். ஓடாதே, கத்தாதே, கண்ணைப் பார்க்காதே, மெல்லப் பின்வாங்கு. நல்ல அறிவுரைதான். ஆனால் நான் பிறந்த நாளிலிருந்து இந்த ஊரில் கரடி யாரையும் தொட்டதில்லை. கரடியைவிட அதிகமாக மனிதர்களைக் காயப்படுத்திய இன்னொரு பிராணி பட்டப்பகலில் தேவாலயத்திலும் காபிக் கடையிலும் உலவிக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்த வாசலிலும் பலகை இல்லை. ஆகவே நான் வைக்கிறேன்.

பிராணியின் பெயர் கைநசுக்கி. ஆண். வயது ஐம்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். தலைமுடி போயிருக்கும், தொப்பை வந்திருக்கும். வலது கையை ஈட்டிபோல நீட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே உங்களைக் குறிவைத்து வரும். ஓடினாலும் பயனில்லை. கண்ணைப் பார்க்காவிட்டாலும் பயனில்லை. அது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறது.

நான் சஸ்காச்சுவானில், மெர்சர் லேக் என்ற சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெயர் ஐரீன். ஊரில் யாருக்கு என்ன வலி என்பது பாதிரியாருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில், நல்ல உடல்வாகுள்ள ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, வாழ்த்து அட்டைகளைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, மெல்லக் கல்லாவுக்கு வந்து வலிக்களிம்பு கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்ததில் கை பிடித்துக்கொண்டது என்பார்கள். பிப்ரவரி மாதத்தில். தோட்டம் முழுக்க இடுப்பளவு பனிக்கு அடியில் கிடக்கும்போது.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. களிம்பை எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் இடது கையால் வாங்கிக்கொண்டு போவார்கள்.

கைநசுக்கியின் தொழில்முறையைச் சொல்லிவிடுகிறேன். இதில் பலம் என்பது மிகக் குறைவு, திருட்டுத்தனம்தான் அதிகம். சாதாரண மனிதர்கள் கைகுலுக்கும்போது உள்ளங்கையும் உள்ளங்கையும் சந்திக்கும், இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும், அப்புறம் ஒரு அசைப்பு, விட்டுவிடலாம். கைநசுக்கி அவ்வளவு தூரம் உங்களை வரவே விடாது. உங்கள் விரல்கள் பாதி வழியில் வரும்போதே, கொக்கு மீனைக் கொத்துவதுபோல, அவற்றை மட்டும் கவ்விக்கொள்ளும். நான்கு விரல்களை ஒரு முழுக் கை பிடித்தால் யார்தான் ஜெயிக்க முடியும்? போட்டி நடக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. அதற்குள் நீங்கள் தோற்றிருப்பீர்கள். பிடித்த பிடியை விடாமல் உங்கள் மனைவி நலமா, பிள்ளைகள் நலமா, போன வருஷம் கடுகு விளைச்சல் எப்படி என்று நிதானமாக விசாரிக்கும். விசாரித்துக்கொண்டே உங்கள் முகத்தைப் பார்க்கும். எங்கே, எப்போது, புருவம் சுருங்குகிறது என்று பார்க்கும். சுருங்கியதா? அன்றைக்கு அதற்குச் சாப்பாடே வேண்டாம்.

பெண்களிடம் மட்டும் வேறு முறை. எங்கள் விரல் நுனியை, செத்த மீனைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தொட்டுவிட்டு விட்டுவிடும். மரியாதையாம்.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைவர் ஓரெஸ்ட் கொஸ்ட்யூக். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் விற்ற கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர். பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு விளையாடும் எங்கள் கர்லிங் சங்கத்துக்குத் தலைவர். அந்த ஆட்டத்தில் ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பின்பும் எதிரணியோடு கைகுலுக்குவது வழக்கம். அவர் ஏன் தலைவரானார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

இளமையில் அந்தக் கைகளுக்கு வேலை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. துருப்பிடித்த மறையாணியைத் திருகினார், குளிரில் இறுகிய சங்கிலியை இழுத்தார். பிறகு கடை வளர்ந்தது, ஆள் வைத்தார், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். இப்போது அந்தக் கைகள் ஒரு நாளில் பிடிப்பது காபிக் கோப்பை, கார் ஸ்டியரிங், தொலைக்காட்சி ரிமோட். பாக்கி இருக்கும் ஒரே கனமான பொருள் மற்றவன் கை. அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கையப் பிடிச்சாலே ஆள் யாருன்னு சொல்லிருவேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். யாருடைய கையைப் பிடித்து யாரைப் பற்றி என்ன கண்டுபிடித்தார் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கடையில் கணக்கு எழுதியவன் நாலு வருஷம் கல்லாவில் கை வைத்தானே, அவனோடும் தினம் காலையில் கைகுலுக்கியவர்தான் இவர்.

வீட்டில் ஊறுகாய்ப் புட்டி திறப்பது அவருடைய தனி உரிமை. அவர் மனைவி டார்லீன் என் தோழி, பள்ளிக்கூடத்திலிருந்து. ஒருநாள் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியைச் சுடுதண்ணீரில் காட்டினாள், கரண்டிக் காம்பால் மூடி ஓரத்தை நெம்பினாள், டப்பென்று காற்று போனது. உடனே மூடியைத் திரும்ப லேசாகத் திருகி வைத்துவிட்டு, "ஏங்க, இதக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்" என்று உள்ளே குரல் கொடுத்தாள். ஓரெஸ்ட் வந்தார், சட்டைக் கையை மடித்தார், புட்டியை மார்போடு அணைத்தார், ஒரு முனகல் முனகினார், திறந்தார். "நான் இல்லேன்னா இந்த வீட்ல எல்லாரும் பட்டினிதான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எத்தனை வருஷமாக இப்படி என்று டார்லீனைக் கேட்டேன். தெரியவில்லை என்றாள். புட்டி ஒன்றும் பெரிய விஷயமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது என்றாள்.

அந்த வீட்டில் ஒரே மகள் லரிஸா. சஸ்கடூன் நகரத்தில் வேலை. போன கிறிஸ்துமஸுக்கு, தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனை அழைத்து வந்தாள். டெவின் ஆஸ்மண்ட் என்று பெயர். மூக்குக் கண்ணாடி செய்பவன். கடுகளவு திருகாணியைக் கடுகளவு துளையில் பொருத்துகிற வேலை. வாசலில் வைத்தே ஓரெஸ்ட் அவன் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே அவன் அப்பா என்ன செய்கிறார், என்ன கார் வைத்திருக்கிறான், மான் வேட்டைக்குப் போவானா என்று எல்லாம் கேட்டு முடித்தார். கதவு திறந்திருந்ததில் வீட்டுக்குள் பனி வந்து விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் லரிஸா என் கடைக்கு வந்தாள். களிம்புதான்.

"வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டிட்டு வான்னு முன்னாடியே சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன் ஐரீன் அத்தை. அப்படியும் அவரால ரெண்டு விரல மடக்க முடியல. இது அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"ஏன், தெரிஞ்சா என்ன?"

"சந்தோஷப்படுவாரு."

என்ன பெண் பாருங்கள். தகப்பனை அளந்து வைத்திருந்தாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஏப்ரலில், பனி சேறாகிக்கொண்டிருந்த நாளில், என் கடையில் உடல்நலப் பரிசோதனை நாள் வைத்தேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இத்தோடு சஸ்கடூனிலிருந்து ஜோஸ்லின் என்ற பிசியோதெரபிஸ்ட் பெண்ணும் வந்திருந்தாள். அவளிடம் கைப்பிடியை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. கைப்பிடி போட்ட சின்ன இரும்புச் சட்டம், மேலே எண் காட்டும் முகம். அழுத்தினால் எத்தனை கிலோ என்று சொல்லும். வயதானவர்களுக்குப் பிடி தளர்ந்துபோனால் உடம்பில் வேறு எங்கோ தளர்ச்சி இருக்கலாம், முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது என்று அவள் விளக்கினாள். யாரும் கேட்கவில்லை. கிலோ என்ற வார்த்தை மட்டும் காபிக் கடைவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சர்க்கரை பார்க்கும் மேசையில் ஈ ஓட்டினோம். ஜோஸ்லின் முன்னால் அறுபது வயது ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

ஓரெஸ்ட் வந்தபோது வரிசை தானாக விலகியது. மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தாங்குமாம்மா?" என்று கேட்டார். தொண்ணூறு கிலோவரை தாங்கும் என்றாள் அவள். அவர் யோசனையோடு தலையாட்டினார், அந்தப் பெண்ணின் பொருள் உடைந்தால் பாவமே என்கிற மாதிரி.

அழுத்தினார். முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்கு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு காலைக்கூடத் தரையிலிருந்து தூக்கினார், அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முப்பத்தொன்பது.

ஜோஸ்லின் சிரித்த முகத்தோடு குறித்துக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருக்கு சார். உங்க வயசுக்கு நாப்பத ஒட்டித்தான் இருக்கணும். கரெக்டா அங்கதான் இருக்கீங்க."

"அங்கதான்னா?"

"சராசரி. பயப்பட ஒண்ணுமே இல்ல."

ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல செய்தி சொல்ல முடியுமா? ஒரு குறையும் இல்லை என்று ஒரு மருத்துவப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், அவருக்கு ஆறு மாதக் கெடு வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். வியாதி என்றாலாவது ஒரு பெயர் இருக்கும், நாலு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். சராசரி என்று சொன்னால் யார் வருவார்கள்?

இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தார்கள். குறைந்தது. மறுபடியும் பார்த்தார். இன்னும் குறைந்தது. முப்பது வயதுகளில் உச்சத்தில் இருக்கிற பிடி பிறகு எல்லாருக்கும் மெல்ல மெல்ல இறங்குவதுதான், இது இயற்கை என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னாள். எல்லாருக்கும் என்ற வார்த்தையை அவள் சொல்லியிருக்கவே கூடாது.

கருவி குளிரில் இருந்திருக்கிறது, அதனால் இறுகியிருக்கும் என்றார் ஓரெஸ்ட். நகரத்து ஆட்களின் கைக்குச் செய்த பிடி, நம் கைக்குச் சின்னது என்றார். மேல்கோட்டை வாங்கிக்கொண்டார். அவர் கதவருகே போகும்போது வரிசையில் அடுத்து நின்ற லாயிட் பெரெபெலுக் கருவியை வாங்கி அழுத்தினார். லாயிட் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க யாரோடும் சரியாகக் கைகுலுக்கியதுகூட இல்லை, தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவதோடு சரி. சாதுவான மனிதர்.

நாற்பத்தொன்று.

அத்தோடு ஊர் ஒரு சாதுவை இழந்தது. மறுநாள் காலை காபிக் கடையில் லாயிட் எல்லாரோடும் கைகுலுக்கினாராம். பரிமாறுகிற பெண்ணோடுகூட. இரண்டு கிலோ வித்தியாசம், கவனியுங்கள். ஒரு முட்டைக்கோசின் எடை. அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் ஒரு மாதம் ராஜாங்கம் நடத்தினார். ஓரெஸ்ட் கடைக்குள் நுழைந்தால், "வாப்பா சராசரி, உக்காரு" என்பார். சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்க முடியுமா, நான் பிரித்துத் தரட்டுமா என்று கேட்பார். அங்கே இருந்த மற்றவர்களும் நாற்பதுக்கு ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தவர்கள்தான். ஆனால் யாரும் அதை யோசிக்கவில்லை. ஒருவனைச் சராசரி என்று கூப்பிட்டுச் சிரிக்க நான்கு சராசரிகள் கிடைத்துவிட்டால் மேசை நிறைந்துவிடுகிறது.

ஓரெஸ்ட் பயிற்சியில் இறங்கினார். டார்லீன் எனக்குச் சொன்னாள். கார் கொட்டகையில் ஆணிகள் நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். நனைந்த போர்வையை முறுக்குகிறாராம். அமுக்கும் ஸ்பிரிங் ஒன்று வாங்கி, சாப்பிடும்போதும் இடைவிடாமல் அமுக்குகிறாராம். கிரீச், கிரீச் என்று சத்தம் கேட்டு வீட்டு நாய் அறையைவிட்டு எழுந்து போய்விடுகிறதாம். ஜூனில் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்ல வேண்டும், பெரோகிக் கொழுக்கட்டை எவ்வளவு, முட்டைக்கோஸ் சுருள் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். இவர் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருந்தார்.

மே மாத மத்தியில் ஒரு காலை, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். வலது கை சட்டைப் பைக்குள். டார்லீனுக்கு மணிக்கட்டு வலி, ஏதாவது கொடு என்றார். டார்லீன் அப்போதுதான் இரண்டு பெரிய பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு என் கடையிலிருந்து போயிருந்தாள்.

"கையக் காட்டுங்க ஓரெஸ்ட்."

"எனக்கில்லம்மா, அவளுக்கு."

"சரி, அவ கையக் காட்டுங்க."

காட்டினார். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு, வேகவைத்த பெரோகி மாதிரி உப்பிப் பளபளத்தது. டாக்டரிடம் போகச் சொன்னேன். உள்ளூர் டாக்டரின் காத்திருக்கும் அறையில் லாயிட் உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது? ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வேறு ஊருக்குப் போனார். தசைநாரை அளவுக்கு மீறி இழுத்து வீங்க வைத்திருக்கிறார், பட்டை கட்டிக்கொண்டு ஆறு வாரம் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்றார்களாம். பட்டையை என்னிடம்தான் வாங்கினார். சாராயப் புட்டி வாங்குகிறவன்போல இரண்டு காகிதப் பையில் சுற்றித் தரச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரி இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? கூடாது. ஆனால் பிறகு ஊரே பார்த்துவிட்ட ஒன்றைச் சொல்வதில் தவறில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்பது பின்னால் தெரியும்.

கல்யாணத்துக்குப் பட்டையோடு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லலாமே என்றேன். விழுவது கிழவர்கள் என்றார். சரி, யாரோடாவது சண்டை போட்டேன் என்று சொல்லுங்கள் என்று கிண்டலாகச் சொன்னேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தார். கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தார். யார் ஜெயித்தது என்று கேட்பார்களாம்.

கல்யாண நாள் வந்தது. நல்ல வெயில், காற்றில்லாத நாள், எங்கள் ஊரில் அப்படி அமைவது அதிர்ஷ்டம். பூசை முடிந்து தேவாலயப் படிகளில் இரண்டு குடும்பமும் வரிசையாக நின்றது. ஊர் முழுக்க ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஓரெஸ்ட் பட்டை இல்லாமல், இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் சதி செய்யவில்லை, இதை நான் சத்தியம் செய்யத் தயார். அந்தக் கை எப்படியிருந்தது என்று டார்லீனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை வருஷமாக இந்த ஊருக்கு அவர்தானே கைகுலுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்? ஓரெஸ்ட்டோடு கைகுலுக்கப் போகிறோம் என்றால் ஒவ்வொருவனும் நாலடி தள்ளியிருக்கும்போதே தோளைத் தளர்த்தி, பல்லைக் கடித்து, முந்திக்கொண்டு இறுக்கிப் பிடிக்கப் பழகியிருந்தான். கர்லிங் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். பாதிரியார்கூட முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நன்றாக ஊன்றிப் பிடித்தார். ஓரெஸ்ட்டின் மாணவர்கள் எல்லாரும் அன்றைக்குத் தேறினார்கள்.

ஓரெஸ்ட் சிரித்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை ஓடிக் காதுக்குள் போனது.

கடைசியில் லாயிட் வந்தார், நாற்பத்தொரு கிலோவோடு. பிடித்தார். பிடித்துக்கொண்டே சாப்பாடு மண்டபத்தில் என்ன, கோழியா மாடா என்று விசாரித்தார். ஓரெஸ்ட் பல்லிடுக்கில், "அவ்வளவுதானா உன் கை?" என்றார். லாயிட் நல்ல மனிதர், கேட்டதைக் கொடுத்தார்.

அங்கிருந்து மண்டபம். வாசலில் பெற்றோர் ரொட்டியும் உப்பும் கொடுத்து மணமக்களை வரவேற்பது எங்கள் வழக்கம். டார்லீன் தானே பிசைந்து சுட்ட ரொட்டி, பெரியது, மூன்றடுக்குப் பின்னல், மேலே மாவில் செய்த புறாக்கள், நடுவில் சின்னக் கிண்ணத்தில் உப்பு. பூவேலை செய்த துணி விரித்து அதன்மேல் வைத்து ஏந்த வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம் என்றாள் டார்லீன். ஓரெஸ்ட் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் நிற்கிறாரே. ரொட்டியை இரண்டு கையிலும் தானே வாங்கி உயர்த்திக்கொண்டார்.

லரிஸாவும் டெவினும் படியேறி முன்னால் வந்து நின்றார்கள். மகளைப் பார்த்ததும் அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, அது நிஜம். இந்த ரொட்டி போல உங்கள் வீடு எப்போதும் நிறைந்திருக்கட்டும் என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. வலது கை விரல்கள், அவரைக் கேட்காமலே, ஒவ்வொன்றாக விரிந்தன. நான் மூன்றாவது ஆளாக நின்றிருந்தேன், கண்ணால் பார்த்தேன். இறுக்க நினைக்கிறார், முகத்தில் தெரிகிறது. கை கேட்கவில்லை.

ரொட்டி சரிந்தது. புறாக்கள் உருண்டு படியில் விழுந்தன. உப்பு முழுக்க லரிஸாவின் வெள்ளைச் செருப்பில் கொட்டியது. டெவின் குனிந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, ரொட்டியைத் தன் கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

அப்போதும் அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"மாப்பிள்ளை கை எப்படின்னு பாத்தேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். லாயிட் எல்லாரையும்விடச் சத்தமாக. டெவின் சிரிக்கவில்லை. "பிடிச்சிட்டேன் மாமா" என்றான், மெதுவாக. அதுவரை அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

லரிஸா செருப்பைப் பார்க்கவில்லை. "அப்பா, கையக் காட்டுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, உள்ள போலாம். பசியோட இருக்காங்க."

"காட்டுங்கப்பா."

முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். மணிக்கட்டிலிருந்து பெருவிரல்வரை நாவல்பழ நிறம். பார்த்தவர்கள் பலருக்குத் தங்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். மே மாதத்திலிருந்து என்று டார்லீன் சொன்னாள். திட்டப் போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம், திட்டியிருந்தால் அவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவள் ரொட்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த பூவேலைத் துணியை உருவினாள். அதை நீளவாக்கில் மடித்து அவர் மணிக்கட்டைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

"இத்தன பேர் முன்னாடி வேணாம்மா."

"இத்தன பேர் முன்னாடிதாம்பா."

அவர் கண்ணில் நீர் வந்தது. வலி என்பார். வலியே இல்லை என்றும் அவரேதான் சொல்வார். கட்டி முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப்போல நின்றார். பிறகு அவள் அந்தக் கையை ஏந்திக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனாள். அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவள்தான் பிடித்திருந்தாள்.

இத்தோடு மனிதர் திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கைநசுக்கி திருந்தி நான் பார்த்ததில்லை.

ஜூலையில் கடைக்கு வந்தார். பட்டையைச் சட்டைக் கைக்கு மேலேயே கட்டியிருந்தார், ராணுவப் பதக்கம்போல. கல்யாணத்தில் ஊர் முழுக்கத் தன் கையைப் பிடித்து அழுத்தியும் தான் கடைசிவரை விடாமல் நின்ற கதையைக் கடையில் இருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதருக்குச் சொன்னார். இவங்களுக்கு எல்லாம் தெரியும், கேட்டுப் பாருங்க என்று என்னைக் கைகாட்டினார். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லு, மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அனுமதியும் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தச் சஸ்கடூன் பெண் மறுபடி எப்போது வருவாள் என்று கேட்டார்.

"எதுக்கு?"

"இடது கைக்கு எத்தன கிலோ இருக்கணுமாம்? அத யாரும் சொல்லவே இல்லையே."

சொல்லிக்கொண்டே அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் இடது கையை நீட்டினார். அவர் பாவம், வெளியூர்க்காரர், சிரித்துக்கொண்டே தன் கையை நீட்டினார். நான் களிம்பு இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கு வயதும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் பார்த்தால் தெரியாது. நீங்கள் கைகூப்பி வணங்குகிறவராகவே இருக்கலாம், யார் விரலையும் தொடாதவராக இருக்கலாம், இந்த ஓரெஸ்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்கலாம். ஆனால் நாற்பது கிலோ என்று நான் எழுதிய இடத்தில், ஒரு நொடி, நம்முடையது எவ்வளவு இருக்கும் என்று ஒரு எண்ணம் ஓடியதா இல்லையா? நாற்பதுக்கு மேலேதான் இருக்கும் என்று அதே நொடியில் பதிலும் வந்ததா இல்லையா? எனக்குச் சொல்ல வேண்டாம். கொஞ்சம் குனிந்து உங்கள் வலது கையைப் பாருங்கள்.

அது ஏன் மூடியிருக்கிறது?